வாசனை வருது, மேடம்

பிழையான தமிழைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதவள் நான். பேருந்தில் எழுதியிருந்த ஒற்றுப்பிழையை நடத்துனரிடம் சுட்டிக்காட்டித் திட்டு வாங்கியிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் றகரம் ரகரமாகிவிட்டது என்று சொல்லப்போய் ஒரு சித்தப்பாவோடு ஆறு மாதம் பேச்சுவார்த்தை நின்றுபோனது. மதுரையில் பள்ளிக்கூடம் முடிக்கும்போது என் வீட்டு அலமாரியில் பேச்சுப்போட்டிக் கோப்பைகள் ஏழு இருந்தன. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. இப்போது சொல்வது பெருமைக்காக இல்லை.

ஐதராபாத்துக்கு நான் வேலைக்குப் போனபோது ஊருக்குள்ளேயே, பேகம்பேட்டில், இன்னும் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. மாரெட்பள்ளியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். அறையில் இருந்த மற்ற இருவரும் தமிழ்ப் பெண்கள், மென்பொருள்காரர்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போக வாசலுக்கே கார் வரும். நான் டிஃபன் டப்பாவும் கையுமாக ஷேர் ஆட்டோ பிடித்து நாச்சாரம் போவேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் 'மூக்கு செய்கிறேன்' என்பேன். அந்த நகைச்சுவை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நாச்சாரம் தொழிற்பேட்டையில் அது ஒரு சின்ன நிறுவனம். ஆலைகளில் விஷவாயு கசிந்தால் அலறுகிற கருவிகளைச் செய்து விற்றார்கள். கருவியின் உடம்பு எங்களுடையது. வாயுவை உணர்கிற மூக்கு, அதாவது உள்ளே இருக்கும் சின்னச் சில்லு, வெளிநாட்டிலிருந்து வரும். அதையும் இங்கேயே செய்துவிட வேண்டும் என்பது எங்கள் தலைமை விஞ்ஞானியின் ஆசை. அதற்காக எடுக்கப்பட்டவள் நான்.

நாங்கள் பிடிக்க நினைத்த வாயு ஹைட்ரஜன் சல்ஃபைடு. பாதாளச் சாக்கடைக்குள் இறங்குகிறவர்களை மேலே வரவிடாமல் செய்வது பெரும்பாலும் அதுதான். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை மாதிரி நாறும், யாருக்கும் தெரிந்துவிடும். அதிகமானால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று ஆள் உள்ளே போவான். ஆகவே இந்த வாயுவின் விஷயத்தில் மனித மூக்கை நம்பக் கூடாது. என் திட்ட அறிக்கையின் முதல் பத்தியிலேயே நான் இதை எழுதியிருந்தேன்.

செய்முறையைக் கேட்டால் சமையல் என்றுதான் தோன்றும். சில்லுக்கு அடித்தளம் விரல் நகம் அளவுக்கு ஒரு பீங்கான் தகடு. துத்தநாக உப்பையும் இன்னொரு மருந்தையும் நீரில் கரைத்து, டெஃப்லான் கிண்ணம் பொருத்திய எஃகு டப்பாவில் ஊற்றி, தகட்டை அதற்குள் கவிழ்த்து, டப்பாவை இறுக மூடி ஓவனில் வைத்துவிட்டால் ஒரு பகல் முழுக்க அது தன் பாட்டுக்கு வேகும். எடுத்துப் பார்த்தால் தகட்டின்மேல் பாலாடை மாதிரி ஒரு வெள்ளைப் படலம் இருக்கும். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் அத்தனையும் துத்தநாக ஆக்சைடு குச்சிகள், பல் துலக்கும் பிரஷ்ஷின் முடி போல நெருக்கியடித்து நிற்கும். ஒரு தலைமுடியின் தடிமனில் அந்தக் குச்சிகளை நூற்றுக்கணக்கில் அடுக்கலாம். அவற்றின்மேல் காப்பர் ஆக்சைடைப் பொடி தூவினாற்போல ஏற்றுவோம். வாயு பட்டதும் அந்தக் காப்பர் உரு மாறி, தகட்டின் மின்தடை சரசரவென்று இறங்கும். வாயுவை எடுத்துவிட்டால் மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கு வரும். கணினித் திரையில் அந்தக் கோடு இறங்கி ஏறுவதைப் பார்க்கத்தான் நாங்கள் மாதக்கணக்கில் டப்பாவை மூடித் திறந்துகொண்டிருந்தோம்.

நாங்கள் என்றால் நானும் அக்காவும். அக்கா ஆய்வக உதவியாளர், நாற்பதைத் தொட்டவர். வட ஆற்காட்டிலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்து மூன்று தலைமுறையாக லாலாகுடா பக்கம் இருக்கிற குடும்பம். கணவர் இறந்துவிட்டார். பத்தாவது படிக்கும் ஒரு மகள். பீங்கான் தகடுகளை அக்காவைப் போலக் கழுவ அங்கே யாராலும் முடியாது. நான் கழுவிய தகட்டில் குச்சிகள் திட்டுத் திட்டாக வளரும். அவர் கழுவியதில் கோடு பிடித்தாற்போலச் சீராக வளரும். இதற்கு என்ன காரணம் என்று இரண்டு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் எல்லாத் தகடுகளையும் அவரையே கழுவச் சொல்லிவிட்டேன். அறிக்கையில் 'தகடுகள் நன்கு தூய்மை செய்யப்பட்டன' என்று மட்டும் எழுதினேன்.

அக்கா என்னிடம் தமிழில்தான் பேசுவார். ஆசையாகப் பேசுவார். அந்தக் கட்டடத்தில் தமிழ் பேச அவருக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. அந்தத் தமிழில் தெலுங்கும் உருதும் தாராளமாகக் கலந்திருக்கும். ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஏன் என்பதற்கு 'கைக்கு'. எனக்கு அது பொறுக்குமா? "அதென்னக்கா நக்கோ நக்கோன்னுக்கிட்டு? வேண்டாம்னு சொல்லுங்க" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே ஒருமுறை 'வேண்டாம்' என்று சொல்லிக் காட்டுவார். அடுத்த நிமிஷம் மறுபடியும் நக்கோதான்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒருநாள் காலையில் வந்து நின்றார்.

"மேடம், மோரியில ரொம்ப வாசனை வருது. ஃபினாயில் ஊத்தவா?"

மோரி என்றால் சாக்கடை. சாக்கடையில் வாசனை! நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"கைக்கு மேடம் சிரிக்கிறீங்க?"

"வாசனைங்கிறது மல்லிகைப்பூவுக்குக்கா. சாக்கடைக்கு நாத்தம். நாத்தம்னு சொல்லணும்."

"நாங்க ரெண்டுக்கும் வாசனைன்னுதானே சொல்வோம். தெலுகுலயும் அப்படித்தான் மேடம்."

"தெலுங்குல என்னமும் சொல்லிட்டுப் போகட்டும். நீங்க தமிழ்க்காரங்கதானே?"

அவர் முகம் சட்டென்று சுருங்கிப்போனது. 'நாத்தம், நாத்தம்' என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஃபினாயில் எடுக்கப் போனார். நாற்றம் என்ற சொல்லே ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது, பிறகுதான் அர்த்தம் தலைகீழானது என்று நான் பள்ளியில் படித்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என் கட்சி பலவீனமாகிவிடும்.

அன்று மாலை விடுதியில் இதை அப்படியே நடித்துக் காட்டினேன். அறைத்தோழிகள் இருவரும் கட்டிலில் புரண்டு சிரித்தார்கள். அதன்பிறகு எங்கள் அறையில் துவைக்காத சாக்ஸுக்கும் கெட்டுப்போன சாம்பாருக்கும் 'வாசனை வருது, மேடம்' என்பதே பேச்சாகிவிட்டது. ஒருமுறை அக்கா என்னைப் பார்க்க விடுதிக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய்விட்டு அப்படியே, வீட்டில் செய்த பிரியாணியோடு. அவர் படியிறங்கிய பிறகு ஒருத்தி பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து, அதே வாக்கியத்தைச் சொன்னாள். நானும் சிரித்தேன். நல்ல பிரியாணி அது. மூன்று பேரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.

அக்காவுடையது ஒப்பந்த வேலை. ஒப்பந்தக்காரர்களின் அடையாள அட்டை சிவப்புக் கயிற்றில் தொங்கும், நிரந்தரக்காரர்களுக்கு நீலக் கயிறு. மூன்று ஆண்டுகள் குறையில்லாமல் முடித்தால் நிரந்தரம் ஆக்குவது அங்கே வழக்கம். என் இரண்டாம் ஆண்டில், ஒரு மாதக் கடைசியில், அவருடைய மூன்று ஆண்டுகள் முடிவதாக இருந்தது.

"நீலக் கயிறு வந்துட்டா ஒருத்தரும் நாளைக்கு வராதேன்னு சொல்ல முடியாதுல்ல, மேடம்?" என்று அந்த மாதம் முழுக்க ஏதாவது ஒரு சாக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். முடியாது என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அதே மாதம் எங்களுக்கும் ஒரு நெருக்கடி வந்தது. கழிவுநீர் நிலையம் நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர், எங்கள் மூக்கு வேலை செய்வதை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார். சரியான அளவில் கலந்து வர வேண்டிய வாயு சிலிண்டர் வந்து சேரவில்லை. நான் கல்லூரியில் செய்ததையே செய்தேன். தெரிந்த இடத்திலிருந்து ஒரு கிப்ஸ் அப்பரேட்டஸை இரவல் வாங்கி வந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கண்ணாடிக் குண்டுகள். நடுவில் இரும்பு சல்ஃபைடு கட்டிகள், அவற்றின்மேல் அமிலம் படும்போது வாயு உண்டாகும். குழாயைத் திறந்தால் வரும், மூடினால் நிற்கும். வாயுவை உறிஞ்சி வெளியே தள்ளும் கூண்டுக்குள் வைத்துத்தான் அதைத் திறக்க வேண்டும். எங்கள் கூண்டின் விசிறி பழுதாகிக் கிடந்தது. பின்பக்கம் கண்ணாடிச் சாமான்கள் கழுவும் சின்ன அறை ஒன்று உண்டு. அங்கே சன்னலோரம் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். தலைமை விஞ்ஞானியும் தலையாட்டிவிட்டார்.

வாயுவை ஃபுட்பால் பிளாடரில் பிடித்து, அதிலிருந்து ஊசியால் துளி எடுத்து, சில்லு இருக்கும் மூடிய பெட்டிக்குள் செலுத்த வேண்டும். முதல் தடவை பிடித்தாயிற்று. அரை மணியில் மறுபடியும் பிடிக்க வேண்டுமே என்று, குழாயை மூடாமல் ரப்பர் டியூபில் ஒரு கிளிப்பை மட்டும் மாட்டிவிட்டு முன்னறைக்கு வந்துவிட்டேன். டியூப் பழையது. அது எந்த நேரமும் கழன்று வரலாம் என்பது பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

பகல் மூன்று மணி இருக்கும். எங்களுக்கு முன்னால், தெருவுக்கு எதிர்ப்பக்கம், பிஸ்கட் செய்கிற ஷெட் ஒன்று இருந்தது. தினமும் அந்த நேரத்துக்கு ஓவனைத் திறப்பார்கள். வெண்ணெயும் ஏலக்காயும் கலந்த மணம் தெருவெல்லாம் பரவும். நான் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். கோடு இறங்கி முடித்து, பெட்டியைத் திறந்து வாயுவை வெளியேற்றியதும் ஏறத் தொடங்கியிருந்தது. இவ்வளவு சுத்தமாக அது ஒருநாளும் ஏறியதில்லை. வழக்கமாகப் பாதியில் நின்று இழுக்கும். அன்று ஏறிக்கொண்டே இருந்தது. கதவோரம் அக்காவின் குரல் கேட்டது.

"மேடம், பின்னால வாசனை வருது."

திரும்பாமலே, "வரட்டும்க்கா" என்றேன்.

அவர் போகவில்லை. "ரொம்ப வருது, மேடம்."

"வரட்டும்னு சொல்றேன்ல?"

போய்விட்டார். இருபது நிமிஷம் கழித்துப் பின்பக்கம் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. என்னைவிட முன்னால் ஓடியவர் மின்னணுப் பிரிவில் இருந்த டெக்னீஷியன், தெலுங்குக்காரர். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய், அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தார். அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. உள்ளங்கையில் கண்ணாடி கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்க் குழாயை மூடியது நான். டியூப் கழன்று தரையில் கிடந்தது, கிளிப்பு அதில் அப்படியே இருந்தது.

பிழைத்துக்கொண்டார். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். நான் போனபோது கண்கள் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. என்னைக் கண்டதும் முதலில் சொன்னது, "பீக்கர் நாலு உடைஞ்சிருச்சு, மேடம்." பிறகு தானாகவே நடந்ததைச் சொன்னார். "நீங்க வரட்டும்னு சொன்னீங்களா, சரி மேடத்துக்குத் தெரிஞ்சுதான் வருதுன்னு வெளியே நின்னேன். கொஞ்ச நேரத்துல வாசனை போயிடுச்சு. சரி போயிடுச்சேன்னுதான் பீக்கர் கழுவ உள்ளே போனேன்."

வாசனை போயிடுச்சு. என் அறிக்கையின் முதல் பத்தி அது. அவர் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளை சுளையாக அவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் விசாரணை. தலைமை விஞ்ஞானி, குறிப்பெடுக்க நிர்வாகத்திலிருந்து ஒருவர், டெக்னீஷியன், நான், கையில் கட்டோடு அக்கா. டியூப் கழன்றது விபத்து என்று முதல் ஐந்து நிமிஷத்திலேயே முடிவாகிவிட்டது. அந்த அறையில் வைக்கத் தலையாட்டியவர் தலைமை விஞ்ஞானிதானே, அதை அவர் கிளற விரும்பவில்லை. மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. இருபது நிமிஷம் வாயு கசிந்திருக்கிறது. உதவியாளர் அதை என்னிடம் சொன்னாரா, இல்லையா? சொல்லியும் நான் அசையாமல் இருந்தேன் என்றால் குற்றம் என்னுடையது. கொரியாவில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு இடம் கிடைப்பதாக இருந்தது, அதற்குத் தலைமை விஞ்ஞானியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். சொல்லவில்லை என்றால் குற்றம் அக்காவினுடையது.

"அவர் உன்னிடம் சொன்ன வார்த்தை என்ன?" என்று தலைமை விஞ்ஞானி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"'வாசனை' வருகிறது என்றார், சார்."

அவர் உத்தரப்பிரதேசத்துக்காரர். சிரித்துவிட்டார். இந்தியில் அந்தச் சொல்லுக்கு ஆசாபாசம், காமம் என்று பொருள். "எங்கள் ஊரில் இது வேறு சங்கதி," என்றார். குறிப்பெடுத்தவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்காவுக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியவில்லை, அவரும் கொஞ்சம் சிரித்து வைத்தார்.

"தமிழில் என்ன பொருள்?"

"நறுமணம், சார். பூ, சந்தனம், சமையல் இப்படி. எதிரே பிஸ்கட் ஓவன் திறக்கிற நேரம். அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்."

டெக்னீஷியன் இடையில் புகுந்தார். "சார், தெலுங்கில் வாசனை என்றால் எல்லா வாசனையும்தான். கெட்டதுக்கும் அதையே சொல்வோம். இங்கே இருக்கிற தமிழர்களும் அப்படித்தான் பேசுவார்கள்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூடப் போதும். இருக்கவில்லை. பேச்சுப்போட்டி மேடையில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அவர் என்னிடம் தெலுங்கில் பேசவில்லை. நாங்கள் இருவரும் தமிழர்கள், தமிழில்தான் பேசினோம். தமிழில் கெட்ட மணத்துக்குத் தனிச்சொல் இருக்கிறது. அகராதி வேண்டுமானாலும் கொண்டுவந்து காட்டுகிறேன்," என்றேன்.

தலைமை விஞ்ஞானி அக்காவின் பக்கம் திரும்பி, இது சரியா என்று இந்தியில் கேட்டார். அக்கா எழுந்து நின்றார். இந்தியில்தான் பதில் சொன்னார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"ஹவ் சார். மேடம் முன்னாடியே சொல்லிக்கொடுத்திருக்காங்க. கெட்டதுக்கு நாத்தம்னு சொல்லணும்னு. அவசரத்துல எனக்கு அந்த வார்த்தை வாயில வரல. என் தமிழ் சரி இல்ல, சார். தப்பு என்னுதுதான்."

முன்பே சொல்லிக்கொடுத்திருந்தும் சரியாகச் சொல்லவில்லை என்று தலைமை விஞ்ஞானி சொல்ல, குறிப்பெடுத்தவர் அதை எழுதிக்கொண்டார். டெக்னீஷியன் மட்டும் என்னையே பார்த்தார். திருத்தியவள் நான் என்றால், அக்காவின் வாயில் வாசனை என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறையில் அது புரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் கழுத்திலும் சிவப்புக் கயிறு. தலை குனிந்துகொண்டார்.

இந்தச் சம்பவத்தைப் பல வருஷங்கள், பல ஊர்களில், மொழிக் குழப்பம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரே சொல், இரண்டு அர்த்தம், ஒரு விபத்து. கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். மொழி எவ்வளவு நுட்பமானது என்பார்கள். நானும் ஆமாம் என்பேன்.

குழப்பம் எதுவும் நடக்கவில்லை. அவர் முதல்முறை சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. 'பின்னால' என்றார். பிஸ்கட் ஷெட் முன்னால் இருக்கிறது. பின்னால் இருந்தது நான் திறந்து வைத்துவிட்டு வந்த கிப்ஸ். கழன்றிருக்கும் என்று அந்த நொடியே தோன்றியது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. எழுந்து போனால் பின்னறைக் கதவைத் திறக்க வேண்டும், காற்று மாறும், கோடு கெட்டுவிடும். இன்னும் பத்து நிமிஷம் ஏறட்டும், சன்னல்தான் திறந்திருக்கிறதே என்று நினைத்தேன். 'வரட்டும்' என்று நான் சொன்னது பிஸ்கட் மணத்தை அல்ல. சொல்வது இன்னது என்று தெரிந்தே சொன்னேன். அவர் இரண்டாம் முறை 'ரொம்ப வருது' என்றபோது எரிந்து விழுந்ததும் அதனால்தான். அவர் பயன்படுத்திய சொல் எனக்குப் பிறகு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது. அதற்குள் புகுந்துகொண்டு, அகராதியைக் கதவாகச் சாத்திக்கொண்டேன். இதை எழுதும்போது முகம் எரிகிறது. எரியட்டும்.

அபாயத்தைத் தெளிவான சொற்களில் தெரிவிக்கத் தவறினார் என்று அறிக்கை வந்தது. மாதக் கடைசியில் அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. சிவப்புக் கயிற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். போவதற்கு முன் கட்டுப் போட்ட கையோடு, என்னிடம் மிச்சம் இருந்த தகடுகள் அத்தனையையும் கழுவிக் காயவைத்திருந்தார். "இனிமே நல்லா பேசக் கத்துக்கிறேன், மேடம்," என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்த நாள் கோடு என் முதல் ஆய்வுக் கட்டுரையில் நான்காவது படமாக வந்தது. நன்றி கூறும் பகுதியில் தலைமை விஞ்ஞானியின் பெயர் இருந்தது, டெக்னீஷியனின் பெயர்கூட இருந்தது.

ஐந்து வருஷம் கழித்து ஒரு கருத்தரங்குக்காக மறுபடியும் ஐதராபாத் போனேன். விமானம் இப்போது ஊருக்கு வெகுதூரம் வெளியே இறங்கியது. டெக்னீஷியனைத் தொலைபேசியில் பிடித்து அக்காவின் முகவரி கேட்டேன். "இப்போது எதற்கு?" என்று கேட்டார். பார்க்க வேண்டும் என்றேன். கொடுத்தார்.

லாலாகுடாவில் ஒரு சந்துக்குள் இரண்டறை வீடு. என்னைக் கண்டதும் அக்காவுக்கு நிஜமாகவே சந்தோஷம். கையைப் பிடித்து உட்காரவைத்தார். மகள் வளர்ந்து, ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறாராம், அதுவும் ஒப்பந்தம்தானாம். நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் அவர் இந்தியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் நான் கவனிக்கவில்லை. மூன்றாவது நான்காவது பதிலில்தான் உறைத்தது.

"தமிழ்ல பேசுங்களேன்க்கா."

"நக்கோ மேடம்," என்று வெட்கமாகச் சிரித்தார். "மேரா தமிழ் டீக் நை," என்றார். என் தமிழ் சரியில்லை, உங்களுக்குத் தெரியாததா என்று மீதியையும் இந்தியிலேயே சொல்லி முடித்தார்.

மகளுக்குத் தமிழ் புரியும், பேச மாட்டாள். ஆங்கிலத்தில் சொன்னாள். அம்மா முன்பெல்லாம் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பாராம். நாச்சாரம் வேலை பறிபோன அதே வருஷம் வாசிப்பதை நிறுத்திவிட்டாராம். வீட்டிலும் தமிழ் வேண்டாம், தப்பாகப் பேசினால் ஆபத்து, பேசாமல் இருப்பதே மேல் என்று சொல்லிவிட்டாராம். ஏதோ வேடிக்கையான பழக்கத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

வாங்கிப் போன இனிப்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். பாதி அதற்காகத்தான் போயிருந்தேன். என்னால் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

"அக்கா, அன்னைக்கு நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுது. கெட்ட வாசனையத்தான் சொல்றீங்கன்னு அப்பவே தெரியும். எழுந்து வர மனசில்லாம உட்கார்ந்திருந்தேன். விசாரணையில நான் சொன்னது பொய்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுதால் என்ன சொல்வது என்று ஆட்டோவிலேயே யோசித்து வைத்திருந்தேன். அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். பிறகு அன்றைக்கு முதல்முறையாகத் தமிழில் கேட்டார்.

"அப்போ நான் பேசினது தப்பில்லையா, மேடம்?"

"இல்லக்கா."

"நெஜமா?"

"நெஜமாக்கா. எனக்கு நல்லா புரியிற மாதிரிதான் பேசினீங்க."

அவர் முகம் மலர்ந்ததை நான் என்னவென்று சொல்ல. மகள் பக்கம் திரும்பித் தெலுங்கில், "கேட்டாயா? நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்," என்றார். மகளுக்கு முகம் மலரவில்லை. அவளுக்கு மற்ற பாதியும் புரிந்துவிட்டது. நேராக என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "அப்படியானால் அம்மாவை எதற்கு அனுப்பினார்கள்?"

அக்கா அவளை அதட்டினார். மேடம் இவ்வளவு தூரம் தேடி வந்திருக்கிறார், இப்படியா கேட்பது என்றார். எனக்கு டீ போடுவதற்காக அடுப்படிக்குள் போனார். போனவர் அங்கிருந்தே உரக்க என்னிடம் பேசத் தொடங்கினார், தமிழில். பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரைப் பற்றி, தண்ணீர் வராததைப் பற்றி, மகளுக்கு வந்த வரன்களைப் பற்றி, ஐந்து வருஷத்துப் பேச்சு, மூச்சுவிடாமல். நான் ஒவ்வொன்றுக்கும் "ஆமாக்கா, ஆமாக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் எனக்கு எதிரில் உட்கார்ந்து, தான் கேட்டதற்கு நான் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.